‘வணக்கம்’ ஏழு நெடுவரிசை

எங்கள் குடியிருப்பில் சிறு நூலகம் ஒன்றை நடத்தி வருகிறோம். புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பித் தர மறந்தவர்களுக்கு நினைவூட்டுச் சீட்டு அச்சிட, ஹாஸ்கெல் மொழியில் நான் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். பல மாதம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. சீட்டில் வரும் வாசகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அதைத் தமிழாக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ‘ஹலோ’ என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் ‘வணக்கம்’ என்று மாற்றினேன். ஆங்கிலத்தில் அது ஐந்து எழுத்து. வணக்கமும் ஐந்து எழுத்துதான். கீழே இருந்த வரிகளைத் தொடவேண்டிய அவசியம் இல்லை என்று மனக்கணக்குப் போட்டு, அப்படியே கம்பைலரிடம் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) கொடுத்தேன்.

நிரல் ஓடவில்லை. ‘ஒரு சார்பை அழைக்கும் இடத்தில் டூ தொகுதி எதிர்பாராமல் வந்திருக்கிறது, அடைப்புக்குறி போடு’ என்ற பொருளில் கம்பைலர் ஒரு செய்தி சொன்னது. (சார்பு என்பது ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் துண்டு; டூ தொகுதி என்பது வரிசையாக நடக்க வேண்டிய கட்டளைகளின் கூட்டம்.) நான் எந்தச் சார்பையும் தொடவில்லை. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லைத்தான் மாற்றியிருந்தேன். மேற்கோளுக்குள் இருப்பது வெறும் தரவு. அதை எப்படி மாற்றினாலும் நிரலின் கட்டமைப்பு மாறக் கூடாது என்பது எந்த மொழியிலும் நாம் நம்பியிருக்கும் விஷயம். இங்கே அந்த நம்பிக்கை உடைந்தது. ஏன் உடைந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் வரிகளை எவ்வளவு இடம் உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதைப் பார்க்கும் ஹாஸ்கெலின் உள்தள்ளல் விதியை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

(ஹாஸ்கெலின் குறிச்சொற்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதுகிறேன்: லெட், வேர், டூ, ஆஃப், இன்.)

பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டது நினைவிருக்கும். ஹாஸ்கெலின் ஒவ்வொரு தொகுதியும் தனக்கென்று அப்படி ஒரு மார்ஜின் கோடு போட்டுக்கொள்கிறது. டூ, லெட், வேர், ஆஃப் ஆகிய நான்கு சொற்களில் ஒன்று வந்து, அதற்குப் பின் நெளிவு அடைப்புக்குறி வராவிட்டால், புதிய தொகுதி தொடங்குகிறது. அடுத்து வரும் முதல் சொல் எந்த நெடுவரிசையில் (இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது இடத்தில்) நிற்கிறதோ அங்கேதான் கோடு. அந்தச் சொல் அதே வரியில் இருக்கலாம், அடுத்த வரியில் இருக்கலாம், நாலு வெற்று வரி தாண்டியும் இருக்கலாம். டூ எங்கே இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. டூவுக்கு அடுத்த சொல் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

கோடு போட்ட பிறகு, ஒவ்வொரு புது வரியின் முதல் சொல்லையும் கம்பைலர் அந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறது. சொல் கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால், முந்தைய வரியின் தொடர்ச்சி. சரியாகக் கோட்டின் மேலேயே இருந்தால், புதிய உருப்படி; கம்பைலர் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் அரைப்புள்ளியைச் செருகிக்கொள்கிறது. கோட்டுக்கு இடப்பக்கம் போனால் தொகுதி முடிந்தது. மூடும் அடைப்புக்குறி ஒன்றைச் செருகிவிட்டு, அதே சொல்லை அதற்கு வெளியே இருக்கும் தொகுதியின் கோட்டோடு மறுபடி ஒப்பிடுகிறது. தொண்ணூறு விழுக்காடு விதி இவ்வளவுதான். நெடுவரிசை எண்ணிக்கை 1இல் தொடங்குகிறது. சுழியம் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது: நாமே கையால் அடைப்புக்குறி போட்டுத் திறந்த தொகுதிக்கு அடையாளமாக கம்பைலர் 0 என்று குறித்துக்கொள்ளும். அந்தத் தொகுதிக்குள் உள்தள்ளலைப் பார்க்காதே என்று அதற்குப் பொருள்.

இப்போது என் சீட்டு நிரலுக்கு வருவோம். வெளியே ஒரு டூ தொகுதி; அதன் கோடு 3ஆவது நெடுவரிசையில். அதற்குள் ஒரு வரி: தலைப்பு அச்சிடும் சார்பின் பெயர், பின் மேற்கோளுக்குள் வாழ்த்து, பின் டாலர் குறி, பின் டூ, அதே வரியிலேயே உள் தொகுதியின் முதல் கட்டளை. ஆங்கில வாழ்த்து இருந்தபோது அந்த முதல் கட்டளை 26ஆவது நெடுவரிசையில் தொடங்கியது. கீழே இருந்த வரிகளையும் நான் 26இல்தான் தொடங்கியிருந்தேன். எல்லாம் கோட்டின் மேல், எல்லாம் ஒரே தொகுதி.

‘வணக்கம்’ என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுகிறோம்: வ, ண, க், க, ம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு தரும் யூனிகோடு அதை ஏழாகச் சேமிக்கிறது: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. கம்பைலர் எண்ணுவது அந்த ஏழை. ஆகவே முதல் கட்டளை 28ஆவது நெடுவரிசைக்குத் தள்ளிப்போனது. கோடும் அதோடு 28க்கு நகர்ந்தது. கீழ் வரிகள் 26இலேயே நின்றன. 26 என்பது 28க்கு இடப்பக்கம். எனவே உள் தொகுதி முதல் கட்டளையோடு மூடப்பட்டது. அடுத்து வெளிக் கோடு. 26 என்பது 3க்கு வலப்பக்கம். எனவே அந்த வரி வெளித் தொகுதியின் பழைய கட்டளைக்குத் தொடர்ச்சி. விளைவு, மூடப்பட்ட டூ தொகுதிக்கு வலது பக்கத்தில் அடுத்த வரி ஒட்டிக்கொண்டு நின்றது. சார்பின் பக்கத்தில் உள்ளீடு நிற்பதுபோல! கம்பைலர் சொன்ன செய்தி அதன் பார்வையில் நூற்றுக்கு நூறு சரி. எடிட்டரின் திரையிலோ எல்லா வரிகளும் ஏறத்தாழ நேராகத்தான் தெரிந்தன. தமிழ் எழுத்துகளின் அகலம் எழுத்துக்கு எழுத்து வேறு. ‘ண’ பிடிக்கும் இடம் வேறு, ‘ர’ பிடிக்கும் இடம் வேறு. அந்தத் திரையில் கண்ணால் நேர் பார்ப்பது என்பதற்கே பொருள் கிடையாது.

இது தமிழால் வந்த பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்திலேயே ஓரெழுத்து கூடிய வேறு வாழ்த்தைப் போட்டிருந்தாலும் இதே கதிதான். தமிழ் செய்தது, எழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தப்பிக்கும் வாய்ப்பையும் எடுத்துவிட்டது. அதில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரமும் முழு ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகள். அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகள். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தரப்படி இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் நெடுவரிசைக் கணக்கில் ஒன்று வித்தியாசம். நீங்கள் தட்டச்சு செய்த ‘கொடுக்கவும்’ பதினொன்று. வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய ‘கொடுக்கவும்’ பன்னிரண்டாக இருக்கலாம். ஒரே சொல், ஒரே தோற்றம். ஒன்று ஓடும், மற்றொன்று ஓடாது.

ஹாஸ்கெலை வடிவமைத்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. உள்தள்ளல் கணக்குக்கு எல்லா யூனிகோடு குறியீடுகளும் ஒரே அகலம் உடையவை என்று கொள்ள வேண்டும் என மொழியின் தர அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், இடைவெளி அல்லாத எழுத்துகளின் அகலத்தைப் பொறுத்துப் பொருள் மாறும்படியான நிரலை எழுதாமல் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் வாக்கியத்தை எந்தத் தொடக்கநிலைப் பாடத்திலும் நான் கண்டதில்லை. எனக்கு அதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வாக்கியம்.

விதியின் வேர் பழையது. பிரிட்டனைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1966இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இஸ்விம் என்ற மொழியை விவரித்தார். நிரலின் அமைப்பைக் காகிதத்தில் அது கிடக்கும் கிடப்பே காட்டட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு தொடரின் முதல் குறியை மூலையாக வைத்து, அதற்கு வலமும் கீழுமாக விரியும் தென்கிழக்குப் பகுதிக்குள் அந்தத் தொடர் முழுவதும் அடங்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. கால்பந்தாட்டத்திலிருந்து பெயரை எடுத்து அதற்கு ஆஃப்சைடு விதி என்று பேர் வைத்தார். டேவிட் டர்னர் அதைத் தன் மொழிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மிராண்டா 1985இல் வந்தது. 1990இல் முதல் அறிக்கை வெளியான ஹாஸ்கெல் அந்த வழியில் வந்ததுதான்.

பைத்தான் மொழியில் பழகியவர்கள் ‘உள்தள்ளல்தானே, தெரியும்’ என்று வருவார்கள். அங்கே கணக்கில் வருவது வரியின் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி மட்டும். அடைப்புக்குறி ஒன்றைத் திறந்துவிட்டால் அது மூடும்வரை உள்தள்ளல் விதி உறங்கும். ஹாஸ்கெலில் வரியின் நடுவில் நிற்கும் ஒரு சொல்லே கோட்டைத் தீர்மானிக்கலாம்; அடைப்புக்குறி திறந்திருந்தாலும் விதி விழித்தே இருக்கும். டூ தொகுதிக்குள் நீளமான ஒரு பட்டியலைத் திறந்து, மூடும் குறியை அழகாக இருக்கட்டும் என்று கட்டளைகளின் கோட்டிலேயே வைத்தால், கம்பைலர் அதற்கு முன்னால் ஓர் அரைப்புள்ளியைச் செருகி, பட்டியலை நடுவில் வெட்டிவிடும். பைத்தானிலிருந்து வருகிறவர்கள் முதலில் அடிபடும் இடம் இது. ஒரே ஓர் இடைவெளி உள்ளே தள்ளினால் போதும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, மாலை ஆறரைக்கு மேலும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். “அக்கா, இரண்டு ஸ்பேஸ் தள்ளினால் ஒரு பிழை சொல்கிறது. மூன்று தள்ளினாலும் பிழை. நான்கு தள்ளினால் ஓடுகிறது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை” என்றான். ஓடுகிறதே என்று வீட்டுக்குப் போகாமல் ஏன் என்று கேட்டான் பாருங்கள், அதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். சிவப்புப் பேனாவைக் கொடுத்து, கம்பைலர் செருகுகிற அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் நீயே போடு என்றேன்.

முதலில் தடுமாறினான். லெட் வந்த இடத்தில் நின்றான். டூ தொகுதிக்குள் லெட் எழுதி, பக்கத்திலேயே ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்திருந்தான். இரண்டாவது பெயரை அடுத்த வரியில், லெட்டை விட இரண்டு இடம் தள்ளி எழுதியிருந்தான். கோடு எங்கே என்று கேட்டேன். லெட்டைத் தொட்டான். லெட்டுக்கு அடுத்த சொல் எது என்றேன். பேனா தானாக நாலு இடம் வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டான். இரண்டாவது பெயர் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்ததை அவனே பார்த்தான். நான்கு தள்ளினால் ஏன் ஓடுகிறது என்பதற்கு விடை அந்தக் கோட்டில் இருந்தது: ஆங்கிலத்தில் லெட் மூன்று எழுத்து, பிறகு ஓர் இடைவெளி.

அடுத்து ஒரு சுழல். புத்தகம் ஒவ்வொன்றாக எடுத்து ஏதோ செய்ய வேண்டும் என்று வரியின் கடைசியில் டூ போட்டிருந்தான். அடுத்த வரியை வெளித் தொகுதியின் கோட்டிலேயே தொடங்கியிருந்தான். 2010 தர அறிக்கையின்படி உள் தொகுதியின் கோடு வெளித் தொகுதியின் கோட்டைவிடக் கண்டிப்பாக வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் அங்கே ஒரு திறப்பையும் மூடலையும் அடுத்தடுத்துச் செருகி, உள்ளே ஒன்றும் இல்லாத தொகுதி ஆக்கிவிடும். ‘டூ தொகுதி காலியாக இருக்கிறது’ என்ற பிழைச்செய்தியின் உட்பொருள் இதுதான். கீழே பத்து வரி எழுதியிருக்கிறேனே, எப்படிக் காலி என்று அவன் அரைமணி நேரம் குழம்பியிருக்கிறான். காகிதத்தில் அந்த இரண்டு குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

பிறகுதான் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். சார்பின் உடல் இரண்டு இடம் தள்ளி இருக்கிறது. அதற்குக் கீழே வேர் என்ற சொல்லும் அதே இரண்டு இடம் தள்ளித்தான் இருக்கிறது. (வேர் என்று தமிழில் எழுதினால் பொருத்தமாகவே விழுகிறது. சார்பின் அடியில் நின்று அதைத் தாங்கும் துணை வரையறைகள் அங்கேதான் இருக்கும்.) “அது கோட்டின் மேல் இருக்கிறது என்றால் புதிய கட்டளையாகத்தானே ஆக வேண்டும்? ஏன் ஓடுகிறது?” என்றான்.

அந்த மிச்சப் பத்து விழுக்காடு விதி இங்கேதான் வருகிறது. ஒரு சொல் இலக்கணப்படி அந்த இடத்தில் வரவே முடியாது, ஆனால் தொகுதியை அங்கே மூடிவிட்டால் வரலாம் என்று இருந்தால், கம்பைலர் தானே மூடிவிடுகிறது. வேர் கோட்டின் மேல் வந்ததும் அரைப்புள்ளி செருகப்படுகிறது. அரைப்புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்பது இலக்கணத்தில் அனுமதி. ஆனால் ஒரு கட்டளை வேர் என்று தொடங்க முடியாது. உடனே மூடும் குறி விழுகிறது, வேர் வெளியே போய்ச் சார்போடு சேர்ந்துகொள்கிறது. லெட் என்று தொடங்கி இன் என்று முடியும் ஒற்றை வரியும் இந்தச் சலுகையால்தான் ஓடுகிறது. அங்கே உள்தள்ளல் எதுவும் மாறுவதில்லை, இன் என்ற சொல்லைப் பார்த்துத்தான் தொகுதி மூடுகிறது. எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. கம்பைலர் எழுதுகிறவருக்கோ தலைவலி. சொற்களைப் பிரிக்கும் பகுதியும் இலக்கணம் பார்க்கும் பகுதியும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. இதை முழுமையாகச் செயல்படுத்துவது கடினம் என்று தர அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

டேப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அறிக்கைப்படி எட்டு நெடுவரிசைக்கு ஒரு நிறுத்தம்; டேப் என்பது அடுத்த நிறுத்தத்துக்குத் தாவுவது. உங்கள் எடிட்டர் அதை நான்காகக் காட்டினால், நீங்கள் பார்க்கும் பக்கமும் கம்பைலர் படிக்கும் பக்கமும் வேறு வேறு. ஹாஸ்கெலுக்கான ஜிஹெச்சி கம்பைலர் 2015இல் வந்த 7.10ஆம் பதிப்பிலிருந்து டேப்பைக் கண்டாலே எச்சரிக்கிறது. ஹாஸ்கெலின் சாயலில் அமைந்த எல்ம் மொழியில் டேப்புக்கு இடமே இல்லை. அதுவே சரி என்பேன்.

விதி பிடிக்காதவர்களுக்கு மொழி வழி விட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஜிஹெச்சியின் மூல நிரலிலேயே பல இடங்களில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அரைப்புள்ளி நிற்கும் நடையைப் பார்க்கலாம். நிரலே நிரலை எழுதும் இடங்களில் இது மிகவும் கைகொடுக்கும். மனிதர் படிக்கும் நிரலுக்கு எனக்கு உள்தள்ளல்தான் பிடிக்கும். குறிகள் ஒன்று சொல்லி, கிடப்பு வேறொன்று சொல்லும் நிரலைக் கண் நம்பி ஏமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்தள்ளலே பொருள் என்று ஆகிவிட்டால் ஏமாற ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: கோடு எங்கே இருக்கிறது என்பது.

அந்த ஒன்றையும் நீக்க ஒரு பழக்கம் போதும். டூ, ஆஃப், லெட், வேர் ஆகியவற்றில் எதை எழுதினாலும் உடனே அடுத்த வரிக்குப் போய்விடுவது. தொகுதியின் முதல் சொல்லுக்கு முன்னால் வெறும் இடைவெளிகளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. அப்போது சார்பின் பெயர் நீளட்டும், குறுகட்டும், மேற்கோளுக்குள் தமிழ் வரட்டும், சீனம் வரட்டும், கோடு அசையாது. பெயர் மாற்றினால் கீழே இருபது வரி நகர வேண்டும் என்ற நிலைமையும் இருக்காது. மாற்றங்களைப் பார்வையிடுகிறவருக்கும் மாறிய ஒரே வரிதான் கண்ணில் படும். ஒர்மோலு போன்ற ஒழுங்குபடுத்தும் கருவிகள் வரிகளைத் தாமே இரண்டு இடைவெளிக் கணக்கில் அமைத்துத் தருகின்றன. ஆனால் விதி தெரியாமல் கருவியை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு: தவறான தொகுதியில் விழுந்த வரியையும் அது அழகாகவே அடுக்கும். கடைசி வரி சுழலுக்கு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டிலும் வகைகள் (எண்ணா, எழுத்துத் தொடரா என்பது போன்ற தரவின் இனம்) பொருந்திவிட்டால் கம்பைலரும் வாய் திறக்காது. ஒருமுறை எல்லாச் சீட்டுகளுக்கும் சேர்த்து ஒரே தடவை வர வேண்டிய மொத்தக் கணக்கு, இரண்டு இடைவெளி கூடிப்போனதால் ஒவ்வொரு சீட்டின் கீழும் அச்சாகி வந்தது. வகைச் சோதனை எவ்வளவு கறாரான மொழியிலும் அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

சீட்டு நிரலின் அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

    தலைப்பு "வணக்கம்" $ டூ
      அச்சிடு பெயர்
      அச்சிடு நூல்
      அச்சிடு நாள்

போன வாரம் நூலகப் பொறுப்பைப் பார்க்கும் மாமி வந்து, வெறும் வணக்கம் மொட்டையாக இருக்கிறது, ‘அன்புள்ள வாசகருக்கு வணக்கம்’ என்று போடேன் என்றார். மேற்கோளுக்குள் இரண்டு சொல் சேர்த்தேன். கீழே இருந்த மூன்று வரிகளையும் தொடவில்லை. எழுத்தையும் எண்ணவில்லை. கம்பைலர் ஏற்றுக்கொண்டது, மாமி காத்திருந்து பதினாறு சீட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்.